மூடாத புண்ணுக்குச் சாட்சி

அன்னக்கொடி சபையில் எழுந்து நின்று, தன் புருசனுக்குப் புண் மூடிவிட்டது என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள்தான் அந்தப் புண்ணுக்குத் துணி மாற்றிவிட்டு வந்திருந்தாள். புண் மூடவில்லை. வலது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டை போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. துவைத்த துண்டுக் கிழிசலை வைத்துக் கட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் போகவில்லை.

சபை என்றால் கோபுரமும் மணியும் வைத்த கோயில் இல்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜை ஒட்டின வீட்டு மொட்டைமாடியில் போட்ட தகரக் கொட்டகை. முப்பது, முப்பத்தைந்து பேர் வருவார்கள். பாஸ்டர் மலைச்சாமி முன்னால் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தொண்டை இன்னும் கண்டக்டர் தொண்டைதான். ஐப்பசி மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்துக்கும் மேலே அவர் சத்தம் கேட்கும். கூட்டம் வாசலில் நெருக்கினால், பின்னால் இடம் இருக்கிறது, உள்ளே வாங்க உள்ளே வாங்க என்று அவரை அறியாமல் கையை வீசிவிடுவார். அதற்கு எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அந்த மாதம் முழுக்க அவர் ஒரே விஷயத்தைத்தான் பிரசங்கம் பண்ணினார். பார்த்த பிறகு நம்புவதற்கு விசுவாசி எதற்கு, பார்க்கும் முன்னால் நன்றி சொல்ல வேண்டும் என்றார். "செய்வாருன்னு சொன்னா அது ஆச. செஞ்சிட்டாருன்னு சொல்லுங்க, அதுதான் விசுவாசம்" என்றார். பிறகு சாட்சி சொல்லுகிற நேரம் வந்தது.

ஆறு வருசமாக அன்னக்கொடி இந்த நேரத்தில் குனிந்துகொள்வாள். ஒருத்திக்குப் பிள்ளை உண்டாகியிருக்கும், ஒருத்தன் மகனுக்கு வெளிநாட்டு வேலை வந்திருக்கும். சொல்ல அவளிடம் ஒன்றும் கிடையாது. புருசன் வெள்ளைத்துரை குடியை நிறுத்தியதைச் சொல்லலாம். ஆனால் அவன் நிறுத்தியது சர்க்கரை வந்து டாக்டர் மிரட்டினதால். அதைக் கர்த்தர் செய்தது என்று சொல்ல அவளுக்கே கூச்சம். அன்றைக்கு என்னவோ எழுந்துவிட்டாள். மூடுவார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரி நாக்கு திரும்பியது.

"என் வீட்டுக்காரர் கால்ல இருந்த புண்ண கர்த்தர் மூடிட்டாரு. ஸ்தோத்திரம்."

கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த கிழவி கட்டிப்பிடித்து அழுதாள். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது பாஸ்டர் சந்தோசமாகக் கிட்டே வந்து, முழுசாக மூடிவிட்டதா அம்மா என்று கேட்டார். ஆமாங்கய்யா என்றாள்.

முதலில் சொன்னது விசுவாசம். இரண்டாவது சொன்னது பொய். இரண்டுக்கும் நடுவே ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்தான்.

வெள்ளைத்துரை கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் ஞானஸ்நானம் எடுத்தவன் இல்லை. தறிக்கு லீவு விட்டால் பெண்டாட்டிக்குத் துணையாக வருவான். இடுப்பில் கருப்பசாமி கயிறு கட்டித்தான் இருக்கிறான். அவள் சொன்னதைக் கேட்டதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வீட்டுக்கு நடக்கும்போது ஏதாவது கேட்பான் என்று அவள் வழியெல்லாம் காத்திருந்தாள். டீயில் இன்றைக்கு இஞ்சி தூக்கல் என்றான். 

புண் வந்தது நாடாவால். செல்லூரில் அவன் வேலை பார்க்கிற தறிக்கூடத்தில் துண்டு நெய்கிற விசைத்தறி நாலு அவன் பொறுப்பு. அதில் ஒன்றில், நூலை இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடா தெறித்து, அதன் இரும்பு மூக்கு காலில் இறங்கிவிட்டது. எண்ணெய்த் தரையில் செருப்பு வழுக்கும் என்று யாரும் செருப்புப் போடுவதில்லை. சர்க்கரைக்காரன் காலுக்கு உணர்ச்சி ஏது? அரை நாள் ரத்தத்தை மிதித்துக்கொண்டே நாலு தறிக்கும் நடந்திருக்கிறான். தரையில் கிடந்த கழிவு நூல் சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. தெருமுனை டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தாமதம் பண்ணாதீர்கள் என்றார். போவோம் என்று இருந்தபோதுதான் அந்த ஞாயிறு வந்தது.

அதற்குப் பிறகு எப்படிப் போவது? பெரியாஸ்பத்திரி வராந்தாவில் சபை ஆள் ஒருத்தர் பார்த்தாலும் போச்சு. தன் மானம் போனால் போகட்டும், கர்த்தர் பேர் கெட்டுவிடுமே என்றுதான் அவளுக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போவதே அவரைப் பொய்யராக்குவது என்று நினைத்தாள். மருந்து சாப்பிடாதே என்று பாஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. மாத்திரையை அவளும் நிறுத்தவில்லை. ஆனால் புண்ணில் ஜெபம் பண்ணின தேங்காயெண்ணெயைத் தடவிக் கட்டினாள். கட்டும்போது ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்துக்கொண்டே, அந்த இடத்தைச் சரியாகப் பார்க்காமல் கட்டினாள்.

மழை விடவில்லை. கண்மாய் நிறைந்து சந்துக்குள் தண்ணீர் ஏறியது. கணுக்கால் ஆழத்துக்குச் சாக்கடையும் மழையும் ஒன்றாக நின்றது. வெள்ளைத்துரை காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு அதில் நடந்து வேலைக்குப் போனான். அவளுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றித் தருவாள். பக்கத்தில் சுற்றுகிறவள் ஒச்சம்மாள். தறிச் சத்தத்தில் அங்கே யாரும் ரகசியம் பேச முடியாது. கத்தித்தான் பேச வேண்டும்.

"ஏண்டி அன்னம், எலி கிலி செத்துக் கெடக்கா?" என்றாள் ஒச்சம்மாள் ஒருநாள்.

"எங்க?"

"ஒம்புருசன் நடந்து போகையிலெல்லாம் வாட வருதே. செத்த எலி அவுக கூடவே நடந்து போகுதாக்கும்?"

அன்னக்கொடி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணி வாடை என்றாள்.

"எனக்கும் மூக்கு இருக்குடி. ஒஞ்சாமி வேணாம்னு நாஞ்சொல்லல. கூட்டிட்டுப் போயி ஆசுபத்திரியில காட்டிட்டு, பெறகு ஒஞ்சாமிதான் கொணப்படுத்துச்சுன்னு சொல்லிக்க. யாரு கேக்கப் போறா?"

நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு முந்தியே சொல்லிவிட்டாளே. அதை ஒச்சம்மாளிடம் எப்படி விளக்குவது?

அந்த வாரம் வெள்ளைத்துரை கேப்பைக்களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். கருவாட்டுக் குழம்பு வைத்தால் நாலு உருண்டை கூடுதலாகக் கேட்கிறவன். வெயில் இல்லாத நாளில் வேர்த்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவள் நெற்றியில் கை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு, மழைக்காலம்தானே என்றான். அவளும் மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை மகள் அஸ்வினி திருமங்கலத்திலிருந்து வந்தாள். கட்டிக்கொடுத்து மூன்று வருசம். அவளுக்குச் சபையும் கிடையாது, சாமியும் பெரிசாகக் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தைச் சுளித்தாள். நேரே போய் அப்பன் காலைப் பிடித்துக் கட்டை அவிழ்த்தாள். இரண்டு விரலும் கறுத்திருந்தன. பாதத்தின் மேல்பக்கம் பளபளவென்று வீங்கி, சிவப்பு கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை. ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள். அம்மாவைப் பார்த்து, "நீ மனுசியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்தது சின்ன வயசு டாக்டரம்மா. சுற்றி வளைக்காமல் சொன்னார். முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும், இன்றைக்கே. விசம் ரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டது, எடுத்தாலும் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அன்னக்கொடிக்கு இருந்தது.

நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நோயாளி இங்கே, சாட்சி இங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினாள். வெள்ளைத்துரை கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவைப் பெண்டாட்டி பக்கம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அச்சடித்திருந்த அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போடுகிறேன் என்று அஸ்வினி கையை நீட்டினாள்.

"ஒங்கம்மா போடட்டும்" என்றான் வெள்ளைத்துரை. "நீ போயி எனக்குக் குடிக்கத் தண்ணி கேக்கலாமான்னு கேட்டுட்டு வா."

மகள் போனதும் அன்னக்கொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எல்லாம் என்னாலதான்."

"ஒன்னால மட்டுமா? காலு என்னுது. அழுகுறது எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"அஞ்சாறு நாளா குளுரு தூக்கித் தூக்கிப் போடுது. தறி ஓடயில பல்லு தந்தியடிச்சுச்சுன்னா ஒருத்தருக்கும் கேக்காதுல்ல, அப்படியே நின்னுக்கிருவேன்."

"சொல்லலாம்ல மாமா. ஏன் சொல்லல?"

"நீ அம்புட்டுப் பேரு மத்தியில சொல்லிப்புட்ட. ஆறு வருசமா ஒரு நாளும் எந்திரிச்சு நிக்காதவ. அன்னைக்கு ஒம்மூஞ்சிய நான் பாத்தேன். ஒன்னையப் பொய்க்காரியாக்கணுமாக்கும்னு இருந்துட்டேன்."

 அவள் கர்த்தரைக் காப்பாற்றினாள். அவன் அவளைக் காப்பாற்றினான். காலை யாரும் காப்பாற்றவில்லை.

நர்ஸ் திரும்பி வந்து அவசரப்படுத்தினாள். அன்னக்கொடி பேனாவை வாங்கி, சாட்சி என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதினாள். சாயங்காலத்துக்குள் காலை எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டர் மலைச்சாமி வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் நனைந்த குடையோடு வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். வேறு ஏதோ விபத்து என்றே நினைத்துக்கொண்டு வந்திருந்தார். தலைமாட்டில் நின்று ஜெபம் பண்ணினார். வார்டுக்காக அந்தக் கண்டக்டர் தொண்டையை அடக்கிக்கொண்டு பண்ணியது பரிதாபமாக இருந்தது. வராந்தாவுக்கு வந்ததும் அன்னக்கொடி எல்லாவற்றையும் சொன்னாள். புண் அன்றைக்கும் மூடவில்லை, நீங்கள் கேட்டபோதும் மூடவில்லை என்று சொன்னாள். 

"நான் விசுவாசத்தச் சொல்லச் சொன்னேன்மா. மூடிருச்சான்னு பெறகு ஒங்ககிட்டத் தனியாக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"அப்பச் சொல்லிருக்கலாமே."

"கை தட்டிட்டாங்களேய்யா."

அவர் குடையை விரித்தார், மடக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையே இதைச் சொல்ல வேண்டுமா? இரண்டு குடும்பம் அவள் சாட்சியைக் கேட்டுத்தான் ஞானஸ்நானத்துக்கு வந்திருக்கிறது. லாட்ஜு வாட்ச்மேன் சின்னச்சாமிக்கும் காலில் இதே மாதிரிப் புண். அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டு அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை வந்து, கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். இப்போது போய் இதைச் சொன்னால் அந்த ஆள் உடைந்துபோவார். கொஞ்ச நாள் போகட்டுமே.

சொல்லிக்கொண்டு வரும்போதே அவருக்கே புரிந்துவிட்டது. மழையைப் பார்த்தார். 

அவர் போன பிறகு புருசனிடம் சொன்னாள். சின்னச்சாமியைப் பற்றிச் சொன்னாள். சொன்னால் கர்த்தர் பேர் என்ன ஆகும் என்று புலம்பினாள். வெள்ளைத்துரைக்குக் காய்ச்சல் விடவில்லை. உதடு வெடித்திருந்தது. ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினால் பாதி வெளியே வந்தது.

"ஏ அன்னம்" என்றான். "ஒஞ்சாமிக்கு நீ பொய் சொல்லி முட்டுக் குடுத்தாத்தான் நிப்பாரா? எங்காலு ஒண்ணு போனதுக்கு அவரு விழுந்துருவாராக்கும்?"

"அப்படிப் பேசாதீங்க மாமா."

"நான் வையல. தெரியாமத்தான் கேக்கேன். அவரு பேர அவருக்குப் பாத்துக்கத் தெரியாதா?"

 அந்தக் கேள்வி மூன்று நாள் அவளை விடவில்லை. வார்டுக்கு வெளியே குழாயடியில் அவன் துணியை அலசும்போது யோசித்தாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று ஆறு வருசமாகப் பாட்டுப் பாடியிருக்கிறாள். என்னத்தைக் கொடுத்தாள்? ஒவ்வொரு தரமும் இதைச் செய்யும், அதைத் தாரும் என்று பிடியை வைத்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறாள். அவர் தரவில்லை என்றதும் தந்ததாகத் தானே சொல்லிவிட்டாள். அவரை அவள் நம்பவில்லை. நம்பியிருந்தால், புண் மூடவில்லை, ஆனாலும் அவர் இருக்கிறார் என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக் கால் போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கட்டிலருகில் உட்காரவைத்துவிட்டு ஆரப்பாளையத்துக்குப் போனாள். வார்டில் கட்டியிருந்த, வாடை அடிக்கிற அதே சேலை. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. பாஸ்டர் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் கூப்பிடவில்லை. மைக்கை மட்டும் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"மூணு வாரத்துக்கு முந்தி எம்புருசனுக்குப் புண்ணு மூடிருச்சுன்னு சொன்னேன்" என்றாள். "மூடல. அன்னைக்குக் காலையிலதான் கட்டு மாத்திட்டு வந்தேன். பாஸ்டரய்யா திரும்பக் கேட்டப்பவும் பொய் சொன்னேன். அவரு மேல குத்தமில்ல. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம மறைச்சேன். இப்பக் காலு முட்டிக்குக் கீழ இல்ல. இன்னும் காய்ச்ச விடல, பொழைப்பாரான்னு தெரியாது. கர்த்தர் குடுக்காதத குடுத்தாருன்னு சொன்னது என் பாவம். அவரு பொய் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

 யாரோ ஒருத்தர் பழக்கத்தில் அல்லேலூயா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சின்னச்சாமி அண்ணே, நீங்க கட்டுப் போடப் போங்கண்ணே. இன்னைக்கே போங்க. ஜெபம் பண்ணிக்கிட்டே போங்க."

சின்னச்சாமி நடு வரிசையில் இருந்தார். காக்கிச் சட்டை. "முட்டி வரைக்குமா தாயி எடுத்துட்டாக?" என்று கேட்டார். ஆமாண்ணே என்றாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பக்கத்து ஆள் தோளைப் பிடித்து எழுந்து, தாங்கித் தாங்கிப் படியிறங்கிப் போனார். புதிதாக வந்த இரண்டு குடும்பத்தில் ஒரு குடும்பமும் அவருக்குப் பின்னால் எழுந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனார்கள். போகும்போது அந்தப் பெண், இதற்கா நாங்கள் குலசாமியை விட்டுவிட்டு வந்தோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டே போனாள். அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழுத கிழவி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாஸ்டர் தரையில் முழங்கால் போட்டார்.  அன்னக்கொடி டீக்கு நிற்கவில்லை.

வார்டில் மத்தியானச் சாப்பாட்டு வாடை நின்றது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனதாக அஸ்வினி சொன்னாள். வெட்டின இடத்திலும் சீழ் வைத்திருக்கிறது. நாளைக்குப் பார்த்துவிட்டு, முட்டிக்கு மேலே இன்னொரு தரம் எடுக்க வேண்டி வரலாம் என்றாராம்.  கொண்டுவந்த ரசஞ்சாதத்தில் மீதியை அம்மா கையில் கொடுத்துவிட்டு மாத்திரை வாங்கக் கீழே போனாள்.

வெள்ளைத்துரை கண்ணைத் திறந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"வஞ்சாகளா?"

"ஒருத்தி வஞ்சா. மத்தவுக பேசல."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்டான். "பெருவெரலு வலிக்குது அன்னம்" என்றான். "நடுவுல கடுக்குது."

எந்தக் கால் என்று அவள் கேட்கவில்லை. கட்டுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. இருந்தவரைக்கும் வலிக்காத விரல். அவளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போர்வையில் அந்த இடத்தில் கையை வைத்தாள். வெறும் மெத்தைதான். கையை எடுக்காமல் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்தா கெடக்காரு. பாரும்" என்றாள்.

அதற்கு மேல் கேட்க அவள் வாயில் ஒன்றும் வரவில்லை. வரவழைக்கவும் இல்லை. வழக்கமாக ஜெபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும். இப்போது அப்படி ஏதும் இல்லை. நெஞ்சு முழுக்கப் பயம் இருந்தது. அந்தப் பயத்தோடேயே அங்கே உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடத் தோன்றவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றான் அவன். "வேற ஒண்ணும் கேக்கலயா?"

"அவருக்குத் தெரியும் மாமா."

நர்ஸ் வந்து அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். சீட்டில் எழுதிக்கொண்டே அன்னக்கொடியிடம் அளவைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"கொறஞ்சிருக்கா?" என்று கேட்டான் வெள்ளைத்துரை.

அன்னக்கொடி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கொறையல மாமா. கூடிருக்கு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, தூங்குகிறவனைப் போலக் கண்ணை மூடினான்.